ரீஜனல் விமான நிறுவனத்தில் சேருமுன் எட்டு மாதங்கள்: எந்தக் குறுகிய காலப் பறப்பு வேலையை ஏற்பது?

கீழ்வானம் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். ஒரு ரீஜனல் (குறுந்தூர வழித்தடங்களில் பறக்கும்) விமான நிறுவனம் சென்ற ஆண்டு இறுதியில் நிபந்தனையுடன் கூடிய பணிவாய்ப்பை எனக்குக் கொடுத்தது. மே மாதம் என்று சொல்லியிருந்த கிளாஸ் தேதியை, அதாவது அங்கே பயிற்சி வகுப்பு தொடங்கும் நாளை, இப்போது அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் ஏடிபி (விமான நிறுவன விமானிக்கான) சான்றிதழுக்குரிய பறப்பு நேரங்கள் அனைத்தும் என் லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) நிறைந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. என் பட்டப்படிப்பு விமானத்துறை சார்ந்தது அல்ல என்பதால் 1,000 மணி நேரச் சலுகை எனக்குக் கிடையாது. முழு 1,500 மணி நேரமும் வேண்டும்.

இன்றைய நிலவரம் இது: மொத்தம் 1,385 மணி நேரம், அதில் தொலைதூரப் பறப்பு 540, இரவுப் பறப்பு 84, கருவிவழிப் பறப்பு (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) 66, இரட்டை எஞ்சின் விமானத்தில் 28. பள்ளியில் இந்தக் குளிர்காலத்தில் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். சில வாரங்களில் பத்து மணி நேரம்கூடப் பறக்க முடிவதில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வான்வழி நில அளவைப் படமெடுக்கும் நிறுவனத்தில் ஏப்ரல் முதல் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டும் வேலை. இரண்டாவது, பார்ட் 135 (வாடகை, சிறு சரக்குச் சேவைகளுக்கான அமெரிக்க விமான விதிகள்) கீழ் இயங்கும் ஒரு சிறிய சரக்கு நிறுவனத்தில் கேரவன் என்ற ஒற்றை டர்பைன் எஞ்சின் விமானம். முதலில் துணை விமானிக்கான வலது இருக்கையில் அமர்த்துவதாகவும், பயிற்சிச் செலவுக்கு ஈடாக பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மூன்றாவது, எங்கும் போகாமல் இங்கேயே பயிற்றுநராகத் தொடர்வது. டர்பைன் எஞ்சின் அனுபவம் கிடைக்கும் என்பதால் மனம் கேரவன் பக்கம் சாய்கிறது. ஆனால் அக்டோபரில் போய்விடுவேன் என்று தெரிந்தே ஒருவரிடம் வேலைக்குச் சேருவது முறையா என்ற கேள்வியும் உறுத்துகிறது. இந்தப் பாதையில் போனவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வலதுஇருக்கை

எம்ப்ரேயர் 175 விமானத்தில் மூன்று ஆண்டுகளாகத் துணை விமானியாக இருக்கிறேன். அதற்கு முன் உங்களைப் போலவே பயிற்றுநராக இருந்தேன்.

மொத்த நேரத்தில் குறையும் 115 மணி நேரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த வேலையில் இருந்தாலும் அது அக்டோபருக்குள் தானாக வந்துவிடும். உங்களைத் தடுத்து நிறுத்தக்கூடியவை லாக்புக்கின் மற்ற இரண்டு பத்திகள்தான். இரவு 100 மணி நேரம் வேண்டிய இடத்தில் 84 இருக்கிறது, கருவிவழிப் பறப்பு 75 வேண்டிய இடத்தில் 66 இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், தெளிந்த வானத்தில் மட்டுமே நடக்கும் நில அளவை வேலை இவ்விரண்டிலும் ஒரு மணி நேரத்தைக்கூடக் கூட்டாது. 1,900 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டும் கருவிவழிப் பறப்பில் ஆறு மணி நேரம் குறைந்ததால் கிளாஸ் தேதியை இழந்த ஒருவரை நான் நேரில் அறிவேன்.

பயிற்றுநர்களுக்கு இந்தப் பத்தி எப்போதும் மெலிந்தே இருப்பதற்குக் காரணம் உண்டு. மாணவர் ஹூட் (வெளியே பார்க்க முடியாதபடி மறைக்கும் தலையணி) அணிந்து பறக்கும்போது அந்தக் கருவிவழி நேரம் அவருடையது மட்டுமே. உண்மையாகவே மேகத்துக்குள் இருந்து கருவிவழிப் பயிற்சி அளித்தால்தான் பயிற்றுநர் அதைத் தம் லாக்புக்கில் எழுத முடியும். எனவே நீங்களே ஹூட் அணிய வேண்டும். உங்களைப் போலவே நேரம் தேவைப்படும் இன்னொரு பயிற்றுநரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஹூட் அணிய, மற்றவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்க்க, வாடகையைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். இதையே இரவில் செய்தால் ஒரே மணி நேரம் இரண்டு பத்திகளிலும் ஏறும். புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைல் தாண்டிவிட்டால் தொலைதூரப் பறப்பிலும் ஏறும்.

இன்னும் இரண்டு வாய்ப்புகளைப் பலர் கவனிப்பதில்லை. கருவிவழி 75 மணி நேரத்தில் 25 வரை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்ததாக இருக்கலாம். இரவுப் பறப்பில், முழுமையாக நின்று முடிக்கும் தரையிறக்கங்களை நீங்களே இருபதுக்கு மேல் செய்திருந்தால், அதன் பிறகான அத்தகைய ஒவ்வொரு தரையிறக்கமும் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக, அதிகபட்சம் 25 மணி நேரம் வரை கணக்கில் வரும். மாணவர் செய்தவற்றைச் சேர்க்காமல் உங்கள் கையால் செய்தவற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இரட்டை எஞ்சினில் 28 மணி நேரம் இருப்பது போதும். 50 வேண்டும் என்றாலும், அதில் 25 வரை விமான நிறுவனத்தின் சிமுலேட்டர் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேரவன் பற்றி. ரீஜனல் நிறுவனத்தில் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி எண், அதாவது பணியில் சேர்ந்த வரிசையில் உங்கள் இடம். எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பீர்கள், எத்தனை மாதம் ரிசர்வில் தொலைபேசியருகே காத்திருப்பீர்கள், எப்போது விடுப்பு கிடைக்கும், எப்போது கேப்டனின் இடது இருக்கைக்கு மாறுவீர்கள் என்பவை அனைத்தும் அந்த எண்ணைப் பொறுத்தவை. நீங்கள் முன்பு ஓட்டியது டர்பைனா பிஸ்டனா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறாது. கேப்டனாக உயர்வதற்கு விதி கேட்கும் 1,000 மணி நேரமும் பெரும்பாலும் பார்ட் 121 (விமான நிறுவனங்களுக்கான விதிகள்) பறப்பிலேயே சேர்க்க வேண்டியது. பார்ட் 135இல் சில வகைப் பயணிகள் விமானங்களில் தலைமை விமானியாகப் பறந்த நேரத்தை அதற்கு ஏற்பார்கள். ஒற்றை எஞ்சின் கேரவனில் சரக்கு ஏற்றிச் சென்ற நேரம் அந்த வகையில் வராது. ஆகவே டர்பைன் என்ற ஒரு சொல்லுக்காகப் பன்னிரண்டு மாதம் உங்களைக் கட்டிப்போடும் தாளில் கையெழுத்திடாதீர்கள். தள்ளிப்போன தேதி சில சமயம் முன்னுக்கும் வரும். யாரோ ஒருவர் விலகி ஓரிடம் காலியாகி, இரண்டு வாரத்தில் வர முடியுமா என்று உங்களைக் கேட்டால், முடியும் என்று சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

நேர்கோடு

நில அளவை வேலையை இரண்டு பருவங்கள் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அது மோசமான வேலை அல்ல. ஆனால் அதை ஏற்பவர்கள் அதன் தன்மையைத் தெரிந்துகொண்டு ஏற்க வேண்டும்.

மரங்கள் இலை விடுவதற்கு முன்பே தரை தெரியும்படி படமெடுக்க வேண்டும் என்பதால் வசந்த காலத்தின் தொடக்கத்தில் பரபரப்பாக இருக்கும். நிழல் நீளாதபடி சூரியன் போதிய உயரத்துக்கு வந்த பிறகுதான் படமெடுக்கலாம். விமானத்துக்குக் கீழே ஒரு துண்டு மேகம்கூட இருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றுசேரும் நாளில் ஆறேழு மணி நேரம் வானில் இருப்பீர்கள். சேராத நாட்களில் விமான நிலையத்தை ஒட்டிய மோட்டலில் உட்கார்ந்து வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கான்சஸில் ஒருமுறை தொடர்ந்து ஒன்பது நாட்கள் அப்படி இருந்தேன். மாதக் கணக்கில் பார்த்தால் நேரம் நன்றாகவே சேரும். உங்களுக்குக் குறையும் 115 மணி நேரம் இரண்டு மாதத்தில் முடிந்துவிடலாம்.

வேலையில் உள்ள திறமை கோட்டைப் பிடிப்பதில் இருக்கிறது. திரையில் தெரியும் கோட்டை விட்டுச் சற்றே விலகினாலும் அந்தக் கோட்டை மறுபடி பறக்க வேண்டும். காற்றின் போக்கை உணர்ந்து, பக்கவாட்டுச் சாய்வு இல்லாமல், அரை மணி நேரம் ஒரே திசையில் ஒரே உயரத்தில் விமானத்தை வைத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். அதை நான் அங்கேதான் கற்றேன். பெரிய விமான நிலையங்களின் வான்வெளிக்குள் கோடுகளைப் போட வேண்டியிருக்கும்போது கட்டுப்பாட்டாளர்களோடு பேசிப் பேசி ரேடியோவும் நன்றாகத் தேறியது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாவது பருவம் முடிந்து நேரே விமான நிறுவனப் பயிற்சிக்குப் போனேன். ஐந்து மாதங்களில் ஓர் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் (கருவிகளின் வழிகாட்டலில் ஓடுதளத்தை நெருங்குவது) கூடப் பறந்திருக்கவில்லை. சிமுலேட்டரில் முதல் மூன்று அமர்வுகளில் என் கண் ஒரு கருவியில் நின்றுவிட்டு அடுத்ததுக்கு நகரத் தாமதித்தது. வேகத்தைப் பார்த்தால் உயரம் போய்விடும், உயரத்தைப் பிடித்தால் திசை போய்விடும். என் பயிற்சிக் கூட்டாளி அதுவரை கருவிவழி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தவர். அவருக்கு அந்தச் சிரமமே இல்லை. எனக்குக் கூடுதலாக ஓர் அமர்வு கொடுத்தார்கள், தேறிவிட்டேன். ஆனால் அந்த இரவுகளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

விதிப்படி ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச்களும், ஹோல்டிங்கும் (வானில் ஓரிடத்தைச் சுற்றிக் காத்திருப்பது), பாதையை இடைமறித்துத் தொடர்வதும் செய்திருந்தால் நடப்புத் தகுதி இருக்கும். அது சட்டத்துக்குப் போதும், ஜெட் விமானத்தின் சிமுலேட்டருக்குப் போதாது. நில அளவை வேலைக்குப் போவதாக இருந்தால் ஆகஸ்ட் இறுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செப்டம்பர் முழுவதையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஹூட் அணிவதற்கும், ஆட்டோபைலட் இல்லாமல் அப்ரோச் பறப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முறையா என்று கேட்டீர்கள். நில அளவை நிறுவனங்களில் பலவும் பருவ வேலைக்கே ஆள் எடுக்கின்றன. விமானிகள் நேரம் சேர்ந்ததும் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நேர்காணலிலேயே கடைசி நாளைச் சொல்லிவிடுங்கள், அதை மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறையும் அப்படித்தான் செய்தேன். இன்றும் அந்த மேலாளரோடு நட்பாக இருக்கிறேன்.

சரக்குப்பாதை

பார்ட் 135 சரக்கு நிறுவனம் ஒன்றில் புதிய விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கேரவன் வாய்ப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

உங்களை ஏன் முதலில் வலது இருக்கையில் அமர்த்துகிறார்கள் என்று யோசித்தீர்களா? பார்ட் 135இல் கருவிவழி விதிகளின் கீழ் தலைமை விமானியாகப் பறக்க 1,200 மணி நேரம், தொலைதூரம் 500, இரவு 100, கருவிவழி 75 வேண்டும். ஏடிபிக்கு உங்களைத் தடுக்கும் அதே இரண்டு பத்திகள் இங்கும் தடுக்கின்றன. அதனால்தான் வலது இருக்கை. கேரவன் ஒரே விமானியோடு பறக்கச் சான்று பெற்ற விமானம். சரக்கு மட்டும் ஏற்றும் பறப்பில் இரண்டாவது விமானி பொதுவாகக் கட்டாயம் இல்லை. அப்படியிருக்க, அந்த இருக்கையில் அமர்ந்த நேரத்தைத் துணை விமானி நேரமாக நீங்கள் எழுத வேண்டுமானால், அதற்கான தொழில் வளர்ச்சித் திட்டத்துக்கு அந்த நிறுவனம் எஃப்ஏஏ எனும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஒப்புதல் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒப்புதல் இல்லாமல் எழுதிய இருநூறு மணி நேரத்தை விமான நிறுவனத்தின் லாக்புக் பரிசோதனையில் கழித்துவிட்டால், நேரம் மட்டும் அல்ல, உங்கள் லாக்புக்கின் மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

அடுத்தது பதிவேடு. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விபத்தில் 50 பேர் உயிரிழந்தார்கள். அதன் கேப்டன் முந்தைய தேர்வுகள் சிலவற்றில் தோற்றிருந்ததும், நிறுவனத்துக்கு அவை முழுமையாகத் தெரியாமல் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. 2010இல் இயற்றப்பட்ட சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த, நீங்கள் இப்போது நிறைவு செய்யப் பாடுபடும் 1,500 மணி நேர விதி ஒன்று. மற்றொன்று விமானிகளின் பதிவுத் தரவுத்தளம். பார்ட் 135 நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் அங்கே நடக்கும் பயிற்சி, தேர்வு, தோல்வி, பணிவிலகல் எல்லாம் அந்தத் தரவுத்தளத்துக்குப் போகும். உங்களைச் சேர்க்கும் ஒவ்வொரு விமான நிறுவனமும் அதைப் பார்க்கும். பயிற்சி நன்றாகப் போனால் அது உங்களுக்கு வலுவே. ஆனால் ஏழு மாதத்துக்காக ஒரு புதிய விமானத்தில் தேர்வெழுதி, அதில் ஒரு தோல்வி பதிவானால், அக்டோபரில் காத்திருக்கும் இடத்துக்கே அது கேள்வியாகும். அந்த ஆபத்தை ஏற்கும் அளவுக்கு இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தம் பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். ஒரு விமானிக்குப் பயிற்சி கொடுத்து வழித்தடத்தில் விடுவதற்கு நாங்கள் பல வாரங்களையும், ஒரு பயிற்சி விமானியின் உழைப்பையும், விமானத்தின் நேரத்தையும் செலவிடுகிறோம். ஓராண்டு இருப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டு ஐந்தாம் மாதம் போனவர்கள் இருக்கிறார்கள். மீதித் தொகையைச் சிலர் கட்டினார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் அந்த வழித்தடத்தை அவர்களுக்காக ஓய்வு நாட்களை விட்டுக்கொடுத்து ஓட்டியவர்கள் மற்ற விமானிகள்தான். உங்களுக்கு உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த உறுத்தல் சரியானது, அதைக் கேளுங்கள். அக்டோபர் வாய்ப்பு உறுதியாக இருக்கும்வரை கேரவன் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவேளை அந்தத் தேதி இன்னும் ஓராண்டு தள்ளிப்போனால், 100 இரவு மணி நேரமும் 75 கருவிவழி மணி நேரமும் முடித்துக்கொண்டு, இடது இருக்கைக்கு வாருங்கள். மோசமான வானிலையில் தனியாகச் சரக்கு விமானம் ஓட்டிய ஓராண்டைப் போல ஒரு விமானியைச் செதுக்கும் வேலை வேறில்லை என்று நான் நம்புகிறேன்.

கீழ்வானம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வலது இருக்கை நேரத்தை எழுத முடியுமா என்ற கேள்வியை நான் யோசித்ததே இல்லை. இன்று காலை அந்தச் சரக்கு நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். அக்டோபர் தேதியையும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, மரியாதையாக விலகிக்கொண்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். அருகிலுள்ள ஸ்கைடைவிங் தளத்தில் வார இறுதிகளில் செஸ்னா 182 ஓட்ட ஆள் தேடுகிறார்கள். கோடையில் கடற்கரையில் பேனர் (விளம்பரப் பதாகை) இழுத்துப் பறக்கும் வேலையும் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். இவற்றை நில அளவைக்குப் பதிலாக எண்ணலாமா?

வலதுஇருக்கை

ஸ்கைடைவிங் வேலையில் ஏறுவதும் இறங்குவதும் அதே ஓடுதளம்தான். மொத்த நேரம் மெல்ல மெல்லச் சேரும், தரையிறக்கங்கள் நிறையச் சேரும். வார இறுதியில் மட்டும் என்றால் தவறில்லை. ஆனால் சேருமுன் அந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். முழு எடையோடு மேலே ஏறி, ஆட்கள் குதித்ததும் எஞ்சினைத் திடீரென்று குளிரவிடாமல் விரைவாக இறங்குவது ஒரு தனிக் கலை. அதைப் பொறுமையாகச் சொல்லித்தர ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

பேனர் வேலையை இந்தச் சில மாதங்களுக்காக நீங்கள் தொட வேண்டாம். தரையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய கயிற்றைக் கொக்கியால் பிடித்துக்கொண்டு உடனே மூக்கை உயர்த்தி ஏறுவார்கள். குறைந்த உயரம், குறைந்த வேகம், திடீரென்று கூடும் இழுவை ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் சேரும் இடம் அது. அதையே தொழிலாகச் செய்பவர்கள் அருமையாகச் செய்கிறார்கள், அவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் டெயில்வீல் (வாலில் சக்கரம் உள்ள விமானம்) அனுபவம் இல்லாமல், ஒரு பருவத்துக்கு மட்டும், வேறொரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்கப் போவது எனக்கு அச்சம் தருகிறது.

கீழ்வானம்

புரிந்தது. பேனர் வேலையை விட்டுவிடுகிறேன்.

நேற்றிரவு லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து எண்ணினேன். இரவில் நானே முழுமையாக நிறுத்திய தரையிறக்கங்கள் 31 இருக்கின்றன. இருபது போக மீதி 11. அவற்றைக் கணக்கில் கொண்டால் இரவுப் பறப்பில் ஐந்து மணி நேரம்தான் பாக்கி. இருந்தாலும் விமான நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவிடம் இந்தக் கணக்கை ஏற்பார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் பள்ளியில் இன்னொரு பயிற்றுநருக்கும் கருவிவழி நேரம் குறைவாக இருக்கிறது. அடுத்த வாரம் முதல் செவ்வாய், வியாழன் இரவுகளில் இருவரும் மாறி மாறி ஹூட் அணிந்து, 60 மைலுக்கு அப்பாலுள்ள விமான நிலையம் வரை போய், அங்கே அப்ரோச் செய்து இறங்கித் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். மார்ச் முடிவதற்குள் எனக்குத் தேவையான ஒன்பது மணி நேரமும் வந்துவிடும்.

நில அளவை நிறுவனத்திடம் ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்று எழுதிக் கேட்டேன். ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிவிட்டார்கள். கிளாஸ் தேதி முன்னுக்கு வந்தால் இரண்டு வார அறிவிப்பில் விடுவிப்பதாகவும் அதில் சேர்த்திருக்கிறார்கள். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் ஜூலையில் முடிகிறது. வெளியூரில் இருக்கும்போது அதற்கு அலையாமல், புறப்படுவதற்கு முன்பே புதுப்பித்துவிடலாம் என்று மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

நேர்கோடு

நல்ல ஏற்பாடு. புறப்படும்போது ஹூட்டையும் பையில் எடுத்து வையுங்கள். வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் மோட்டலில் இருக்காமல் பக்கத்து விமான நிலையத்துக்குப் போய், அங்குள்ள பயிற்றுநர் ஒருவரோடு ஒரு மணி நேரம் அப்ரோச் பறந்து வாருங்கள். உங்கள் விமானம் எந்த ஊர்களில் நிற்கும் என்ற பட்டியல் மார்ச் இறுதியில் வந்துவிடும். அந்த ஊர்களில் எங்கெல்லாம் வாடகைக்கு விமானம் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்ததைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.